தண்ணீர்ச் சட்டிக்கு வருகிறவர்கள்

சித்திரைக் கடைசியில் கத்திரி தொடங்கிவிட்டால், திண்டுக்கல்லில் பகல் இரண்டு மணிக்கு மதில்மேல் உட்கார்ந்திருக்கும் காகம் கத்தாமலே வாயைத் திறந்து வைத்திருக்கும். தொண்டை ஏறி இறங்கும். இறக்கைகளை உடம்போடு ஒட்டவிடாமல் சற்று விலக்கிப் பிடித்திருக்கும். பார்க்கிறவர்கள் “பாவம், தாகத்துல தவிக்குது” என்பார்கள். தாகம் உண்டுதான். ஆனால் அந்த நேரத்தில் காகம் தன் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அவற்றின் உடல் வெப்பம் இயல்பிலேயே 40 முதல் 42 டிகிரி செல்சியஸ். நமக்கு அது கொடுங்காய்ச்சல். வெளிக்காற்று 30 டிகிரியில் இருக்கும்வரை உடம்புச் சூடு தானாகக் காற்றில் கலந்துவிடும். காற்றும் 40ஐத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். பிறகு இருப்பது ஒரே வழி, நீரை ஆவியாக்குவது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தன்னோடு கொண்டுபோகிறது. காகம் வேகவேகமாக மூச்சுவிட்டு வாய், தொண்டை ஈரத்தை ஆவியாக்குகிறது. ஆந்தைகள் தொண்டையைப் படபடவென்று அதிரவிடும். புறாக்களின் முறை இன்னும் சிக்கனமானது. அவை தோல் வழியாகவே நிறைய நீரை ஆவியாக்கிவிடும். மூச்சிரைப்பதற்கு ஆகும் உழைப்பு மிச்சம். எந்த முறையானாலும் விலை தண்ணீர்தான். உடம்பு சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு கூடும்; சூடு ஏறுவதும் வேகம், ஈரம் போவதும் வேகம். பத்து கிராமுக்கும் குறைவான ஒரு தேன்சிட்டுக்கு மே மாதப் பிற்பகல் என்பது உயிர்க் கணக்கு.

இந்தச் சமவெளியில் அந்தக் கணக்கு இன்னும் கடினம். மேற்கே பழனி மலைத்தொடர் நிற்பதால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அந்தப் பக்கமே இறங்கிவிடுகிறது. நமக்கு வந்து சேர்வது ஈரமில்லாத காற்று. ஆடிக்காற்று அடிக்கும் நாட்களில் சட்டியில் ஊற்றிய தண்ணீர் கத்திரியில் வற்றுவதற்குச் சற்றும் குறையாத வேகத்தில் வற்றும். மழை என்று சொல்லத்தக்கது ஐப்பசி, கார்த்திகையில்தான். குடகனாறு வருடத்தின் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும். ஆத்தூர் காமராசர் அணைத் தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த நினைவு இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. தோல் ஆலைகள் இருந்த பக்கங்களில் நிலத்தடி நீர் உப்பேறிப் போனதும் ஊருக்குத் தெரிந்த கதை.

பறவைகளுக்கு என்ன தீனி வைக்கலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் தண்ணீர் வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தானியம் வைத்தால் தானியம் தின்பவை மட்டும் வரும். புறா, சிட்டுக்குருவி, சில்லை, கிளி, அவற்றோடு காகமும் அணிலும். தண்ணீர் வைத்தால் பழம் தின்பதும், புழு தின்பதும், தேன் குடிப்பதும், கறி தின்பதும் வரும். கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் நாள்தோறும் இருந்தும் நாம் பார்த்தேயிராத பறவை, தண்ணீருக்காகத் தரைக்கு இறங்கும்.

தண்ணீர் எல்லோருக்கும் ஒரே அளவில் தேவைப்படுவதும் இல்லை. புழு, வெட்டுக்கிளி தின்கிற பறவைக்கு இரையிலேயே பாதிக்கு மேல் நீர் இருக்கிறது. பழம் தின்னும் கொண்டைக்குருவிக்கும் அப்படியே. தேன்சிட்டின் உணவே சர்க்கரைத் தண்ணீர். காய்ந்த கம்பும் சோளமும் புல்விதையும் பொறுக்குகிற புறாவுக்குத்தான் வெளியிலிருந்து குடித்தே ஆகவேண்டும். சட்டிக்குத் தவறாமல் முதலில் வருகிறவர்கள் புள்ளிப்புறாவும் தவிட்டுப்புறாவும் என்றால் அதற்குக் காரணம் அவற்றின் இரைப்பையில் இருக்கிறது.

அவை குடிக்கும் விதத்தைக் கிட்ட இருந்து பாருங்கள். மைனா அலகை நீரில் தொட்டு ஒரு வாய் அள்ளும், தலையை அண்ணாந்து தூக்கும், நீர் தானாகத் தொண்டைக்குள் வழியும். மறுபடி குனியும். காகம், குருவி, கோழி எல்லாம் இப்படித்தான். புறா அப்படிச் செய்யாது. அலகை நீருக்குள் அழுத்தி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் தொடர்ச்சியாக உறிஞ்சும். சில நொடிகளில் தாகம் தீர்ந்து பறந்துவிடும். நீர்நிலையில் ஒரு பறவை குனிந்திருக்கும் நேரம்தான் அதற்கு மிக ஆபத்தான நேரம். வல்லூறுக்கு அது தெரியும். குனிந்திருக்கும் நேரத்தைச் சுருக்கும் இந்த உறிஞ்சல், வறண்ட நிலத்தில் தொலைவிலிருந்து தண்ணீருக்கு வரும் பறவைக்குப் பெரிய அனுகூலம்.

தண்ணீருக்காகப் பறவைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழகத்தின் வறண்ட சமவெளிகளில் வாழும் கல்கவுதாரியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது நம் கொல்லைக்கு வராது, கட்டாந்தரைப் பறவை. அதன் குஞ்சுகளால் நீர்நிலை வரை நடந்து போக முடியாது. ஆண்பறவை காலையில் நீரில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு பறந்து வரும். குஞ்சுகள் அந்த இறகுகளை அலகால் கோதிக் குடிக்கும். இதை 1896இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர் எழுதியபோது பலர் நம்பவில்லை. ஆப்பிரிக்காவில் நடந்து 1967இல் வெளியான கள ஆய்வுதான் ஐயத்தைத் தீர்த்தது. 2023இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆப்பிரிக்கக் கல்கவுதாரி இனம் ஒன்றின் இறகை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உலர்ந்திருக்கும்போது சுருண்டு கிடக்கும் இறகிழைகள் நனைந்ததும் அவிழ்ந்து நிமிர்ந்து, தமக்கிடையே நீரைப் பிடித்துவைக்கின்றன. ஒரு பறவை சுமார் 25 மில்லி நீரைச் சுமக்கும்.

நீர் உள்ளே போவது ஒரு பக்கம் என்றால், வெளியே விடாமல் காப்பது மறுபக்கம். நம் உடம்பு கழிவை யூரியாவாக்கி அதைக் கரைக்க நிறைய நீரைச் செலவிடுகிறது. பறவை அதை யூரிக் அமிலமாக்கிக் கூழாகத் தள்ளிவிடுகிறது. பைக் சீட்டில் வெள்ளையாகக் காய்ந்து கிடப்பது அதுதான். அந்தக் கூழிலிருந்தும் கடைசித் துளிகளைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இத்தனை சிக்கனமான உடம்புக்கு ஒரு பலவீனம் உண்டு. பறவையின் சிறுநீரகத்தால் நம்முடையதைப் போல உப்பைச் செறிவாக வெளியேற்ற முடியாது. கடற்பறவைகளுக்கு அதற்கெனக் கண்ணருகே தனிச் சுரப்பி இருக்கிறது. மைனாவுக்கும் குருவிக்கும் கிடையாது. மிக்சர், முறுக்கு, உப்புப் போட்ட கடலை எதையும் அவற்றுக்கு வைக்கக் கூடாது. சட்டியில் ஊற்றுவதும் உவர்ப்பான போர்த் தண்ணீராக இல்லாமல் நாம் குடிக்கும் தண்ணீராக இருப்பது நல்லது.

குடிப்பதைவிடக் குளியல்தான் பார்ப்பதற்கு அழகு. மைனா சட்டியில் இறங்கினால் பாதித் தண்ணீர் வெளியில். கொண்டைக்குருவிகள் இரண்டாக வந்து, ஒன்று குளிக்க ஒன்று விளிம்பில் காத்திருக்கும். வெயிலுக்குக் குளிர்ச்சி என்பதோடு இது முடிவதில்லை. ஒரு இறகு நூற்றுக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று கொக்கியால் பிணைந்த பரப்பு. தூசி ஏறி அந்தப் பிணைப்பு குலைந்தால் பறப்பு குலையும். 2009இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நம் மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளை வைத்துச் சோதித்தார்கள். சிலவற்றுக்குக் குளிக்கத் தண்ணீர் வைத்தார்கள், சிலவற்றுக்கு வைக்கவில்லை. பிறகு அவை தப்பிப் பறக்கும் வழியில் கயிறுகளைத் தொங்கவிட்டார்கள். குளிக்காத பறவைகள் அதிகம் மோதின. நீரில் நனைந்தபின் கிளையில் அமர்ந்து, வாலடிச் சுரப்பியிலிருந்து எண்ணெய் எடுத்து ஒவ்வொரு இறகாக நீவி நேராக்குவதுதான் குளியலின் பிற்பாதி. அதைப் பார்க்காமல் எழுந்துவிடாதீர்கள்.

புறா குளித்துப் போனபின் நீரின் மேல் மாவு மிதந்ததுபோல ஒரு படலம் நிற்கும். அழுக்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். புறாவுக்கு ஓயாமல் பொடியாக உதிரும் ஒருவகைத் தூவிகள் உண்டு. அந்தப் பொடிதான் அதன் இறகுக்கு நீர்காப்பு. புறா மோதிய ஜன்னல் கண்ணாடியில் இறக்கை விரித்த வடிவம் வெள்ளையாகப் பதிந்திருப்பதும் இதே பொடிதான்.

தேன்சிட்டும் தையல்சிட்டும் பெரும்பாலும் சட்டிக்குள் இறங்காது. அவை இலைக்குளியல்காரர்கள். மாலை நான்கு மணிக்குக் கறிவேப்பிலை மரத்திலோ செம்பருத்தியிலோ இலைகள் சொட்டும்படி தண்ணீர் தெளித்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஈர இலைமேல் நெஞ்சைத் தேய்த்துச் சறுக்கி, அடுத்த இலைக்குத் தாவி, மறுபடி சறுக்கும். குளிர்காலத்தில் வரும் அரசவால் ஈப்பிடிப்பானுக்கு இன்னொரு முறை. அந்தி சாயும் நேரத்தில் கிளையிலிருந்து நேராக நீரில் விழுந்து தொட்டு எழும், மறுபடி கிளை, மறுபடி நீர். அதற்குச் சட்டி போதாது. தொட்டி வேண்டும், அல்லது தண்ணீர் கிடக்கும் கிணற்று வாய்க்கால்.

ஊதாத் தேன்சிட்டின் ஆணைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் அது நம்மை இருமுறை ஏமாற்றுகிறது. தொலைவில் கறுப்பாகத் தெரியும் பறவை, கழுத்தைத் திருப்பும் ஒரு கணத்தில் நீலமாகவும் ஊதாவாகவும் எரியும். அந்த நீலம் சாயம் அல்ல. இறகிழையில் மெலனின் துணுக்குகள் மிக நுண்ணிய அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி, மற்ற அடுக்கின் ஒளியோடு சேர்ந்து சில நிறங்களைப் பெருக்கிச் சில நிறங்களை அழிக்கிறது. கோணம் மாறினால் நிறம் மாறும், அல்லது அணையும். இரண்டாவது ஏமாற்று, இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அது இந்த உடையையே கழற்றிவிட்டு, பெட்டையைப் போல மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோட்டை மட்டும் வைத்துக்கொள்வது. வேறு பறவை வந்திருப்பதாகப் பலர் நினைப்பது இதைப் பார்த்துத்தான்.

சட்டிக்கு வருபவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் தவிட்டுக்குருவிகள். சாம்பல் பூத்த நிறம், வெளிறிய கண், ஓயாத கீச்சு. அழகென்று யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஆனால் இவை உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் வாழ்கின்றன. இமயமலையில் கிடையாது, வங்காளத்தில் கிடையாது. நம் முருங்கை மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. ஏழெட்டாக வரும், தண்ணீருக்கு ஒன்றாக இறங்காது. ஒன்று மேலே கிளையில் காவலிருக்கும். வல்லூறு தெரிந்தால் அதன் ஒரு குரலில் மற்றவை புதருக்குள் மறையும். அந்தக் குரலுக்கு மைனாவும் கட்டுப்படும். காவல் பார்த்தது இறங்க, குடித்து முடித்த ஒன்று மேலே போகும். கூட்டில் குஞ்சு இருந்தால் தாய் தந்தையோடு மற்ற உறுப்பினர்களும் இரை கொண்டுவந்து ஊட்டும்.

இந்தக் கூட்டுக்குடும்பத்தைச் சுடலைக்குயில் பயன்படுத்திக்கொள்கிறது. கறுப்பு வெள்ளை உடம்பும் கொண்டையும் உள்ள இந்தக் குயில், தவிட்டுக்குருவியின் நீல முட்டைகளுக்கு நடுவே தன் நீல முட்டையை இட்டுவிடும். பின்னாளில் இந்தியாவின் பெரிய கானுயிர் அறிஞர்களில் ஒருவரான ஏ. ஜே. டி. ஜான்சிங் சிவகாசிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டமே சேர்ந்து ஒரு சுடலைக்குயில் குஞ்சை வளர்த்ததை அவரும் பரமானந்தமும் கவனித்து எழுதினார்கள். 1982இல் இங்கிலாந்தின் ‘ஐபிஸ்’ ஆய்விதழ் அதை வெளியிட்டது. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு பொரிந்ததும் மற்ற முட்டைகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும். சுடலைக்குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. வளர்ப்பு வீட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்கிறது.

ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குயிலிடம் ஒரு கடன் உண்டு. மழைக்குப் பின் முருங்கைத் தண்டில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சியை மைனாவும் தொடாது, காகமும் யோசிக்கும். சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் மயிர் நிறைந்த அத்தகைய புழுக்களை விரும்பித் தின்பவை. தீப்பந்தம் காட்டி எல்லாவற்றையும் பொசுக்குவதற்கு முன் கொல்லையில் ஒரு மரத்தையாவது குயிலுக்கு விட்டுவைக்கலாம்.

இதில் தீனி பற்றிய ஓர் அடிப்படை உண்மையும் இருக்கிறது. வளர்ந்த சிட்டுக்குருவி தானியம் தின்னும். அதன் குஞ்சுக்கு முதல் நாட்களில் வேண்டியது புழு. கிண்ணம் நிறைய கம்பு வைத்தாலும் மருந்தடித்த தோட்டத்தில் ஒரு குஞ்சு வளராது. விதிவிலக்கு புறா. ஆணும் பெண்ணும் தம் தொண்டைப் பையில் தயிர்த் திரள் போன்ற ஒரு சத்தைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். தாய் தின்றது விதையானாலும் குஞ்சுக்குக் கிடைப்பது பால். நகரங்களில் புறா பெருகுவதற்கும் குருவி தடுமாறுவதற்கும் உள்ள காரணங்களில் இதுவும் ஒன்று.

தீனி வைப்பது நமக்குப் புதிதல்ல. காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் உண்பது என்ற வழக்கம் இன்னும் வாழ்கிறது. அறுவடை முடிந்ததும் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டி வாசலிலும் கோயில் மண்டபத்திலும் தொங்கவிட்டவர்கள் நம் முன்னோர், குருவிக்காக. நம் காலத்தில், சென்னையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு ராயப்பேட்டை மாடியில் வந்த சில கிளிகளுக்கு ஊறிய அரிசி வைக்கத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு நாள்தோறும் வைப்பவரானதைத் தமிழ்நாடே அறியும். அந்த அன்பின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் ஒவ்வொரு வீட்டு மாடியும் அப்படி ஆகவேண்டும் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் ஓரிடத்தில் குவியும்போது நோயும் குவியும்.

இங்கிலாந்தின் அனுபவம் இதைக் கற்றுத்தருகிறது. அங்கே கொல்லைப்புறத் தீனிப்பெட்டி பெரும் பழக்கம். அது ஒரு பறவையின் உடம்பையே மாற்றியிருக்கலாம் என்கிறது 2017இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. நம் சிறுமலையில் காணும் பட்டாணிக்குருவியின் உறவான ‘கிரேட் டிட்’டுக்கு, ஆக்ஸ்ஃபோர்டு அருகே, சில பத்தாண்டுகளில் அலகு நீண்டிருக்கிறது. தீனிப்பெட்டிக்குள் எட்டுவதற்கு நீண்ட அலகு உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே தீனிப்பெட்டிகளும் தண்ணீர்த் தட்டுகளும் இருந்த தோட்டங்களில்தான் 2005 முதல் ட்ரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரி பரவியது. புறாக்களிடம் நெடுங்காலமாக இருந்த நோய் அது. தொண்டை அடைத்து, விழுங்க முடியாமல் பறவை சாகும். 2006க்கும் 2009க்கும் இடையே பிரிட்டனின் கிரீன்ஃபிஞ்ச் பறவைகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

அந்தக் கிருமி ஈரத்தில் வாழும், காய்ந்தால் சாகும். திண்டுக்கல் வெயிலை நாம் சபிக்கும் அளவுக்கு நன்றியும் சொல்லலாம். இரண்டு மண்சட்டி வாங்குங்கள். ஒன்றில் இன்று தண்ணீர். மற்றொன்று தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்க்காமல் காயட்டும். நாளை மாற்றுங்கள். இது கொசுவுக்கும் மருந்து. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதன் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் உட்சுவரில் ஒட்டி, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேங்காய் நாரால் சுவரைத் தேய்க்க வேண்டும்.

சட்டி அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கட்டும். இரண்டங்குல நீர் தாராளம். நடுவில் ஒரு கரடுமுரடான கல். பிளாஸ்டிக், எவர்சில்வர் வேண்டாம். கால் வழுக்கும், வெயிலில் கொதிக்கும். மர நிழலில், புதருக்கு இரண்டு மூன்று எட்டுத் தள்ளி வையுங்கள். புதர் ஒட்டியிருந்தால் பூனை பதுங்கும். வெகுதூரமானால் வல்லூறு வரும்போது ஒளிய இடமில்லை.

இந்த இடத்தைப் படமெடுப்பவர்களும் தேர்ந்தெடுப்பார்கள். பறவையைத் துரத்திப் போகாமல், பறவை தானே வந்து அமரும் ஒரே இடம் இது. முன்பு பறவையைக் கிட்ட இருந்து பார்க்கத் துப்பாக்கிதான் கருவி. பாதிரியார் சாமுவேல் ஃபேர்பேங்க் பழனி மலையில் சேகரித்தும் கண்டும் 1877இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். சேகரித்தல் என்றால் சுடுதல். பழனி மலைச் சிரிப்பான் ஒன்றின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. திண்டுக்கல் இன்னும் மதுரை மாவட்டமாக இருந்த 1940களில் ஈ. ஜி. நிக்கோல்ஸ் என்பவர் அந்த மாவட்டப் பறவைகளைப் பற்றிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக எழுதினார். அதே காலத்தில் துப்பாக்கியின் இடத்தைக் கேமரா பிடித்துக்கொண்டிருந்தது. திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன், தானே பொருத்திச் சேர்த்த ஒரு கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துக் கறுப்பு வெள்ளையில் வாழ்நாள் முழுதும் படமெடுத்தார். யானைக்காகப் பேசப்படும் அவர், வீட்டைச் சுற்றியுள்ள எளிய பறவைகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியதை நான் அதற்குச் சற்றும் குறைவாக மதிப்பதில்லை.

இன்று ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கைபேசி இருந்தாலும் தொடங்கலாம். காலை ஒன்பதுக்கு முன், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தேன்சிட்டின் நீலம் அப்போதுதான் எரியும். சட்டிக்கு ஓரடி தள்ளி ஒரு காய்ந்த கிளையை நட்டால், குடிக்குமுன் எல்லாப் பறவையும் அதில் அமரும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால்தான் குளியலின் துளிகள் காற்றில் நிற்கும். அப்படி எடுத்த படங்களில் பறவையின் கண் சில சமயம் வெண்மையாகத் தெரியும். குருடோ என்று பதற வேண்டாம். பறவைக்கு மேலிமை, கீழிமைக்கு உள்ளே மூன்றாவதாக ஒரு மெல்லிய இமை உண்டு. நீர் தெறிக்கும்போது அது குறுக்கே ஓடிக் கண்ணைக் காத்துத் திரும்பும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. கேமரா காட்டிக்கொடுக்கிறது.

கூட்டை மட்டும் படமெடுக்காதீர்கள். நாம் விலக்கிய ஓர் இலை, காகத்துக்கு வழிகாட்டும். 2020இல் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியில் தெருவிளக்குகளின் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு பறவை முட்டையிட்டபோது, குஞ்சு பறந்து போகும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக ஊரே தெருவிளக்கைப் போடாமல் இருட்டில் நடந்தது. அந்த மனசு இருக்கும் மண்ணில் ஒரு படத்தை விட்டுக்கொடுப்பது பெரிதா என்ன?

புரட்டாசி, ஐப்பசியில் சட்டிக்கு விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இரவோடு இரவாகத் தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, ஒன்பது நிறத்தோடு, களைத்துப்போய் யார் வீட்டுக் கொல்லையிலாவது விழுந்து கிடக்கும். அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, சில மணி நேரம் தொந்தரவு செய்யாமல் விட்டால், பெரும்பாலும் தானே தேறிப் பறந்துவிடும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வேலியில் “சக், சக்” என்று கல்லைத் தட்டுவது போலக் குரல் கேட்டால் அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. சற்றேறக்குறைய ஒரு தேன்சிட்டின் எடைதான். வருவது ரஷ்யா, மத்திய ஆசியா வழியாக. பங்குனி வரை உங்கள் வேலிதான் அதற்கு வீடு.

பார்த்ததை எழுதி வையுங்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் 2015 முதல் தமிழகப் பறவை ஆர்வலர்கள் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிப்ரவரியில் உலகம் முழுவதும் கொல்லைப்புறக் கணக்கெடுப்பு நடக்கிறது, இந்தியா 2013 முதல் அதில் இருக்கிறது. வேண்டியதெல்லாம் பதினைந்து நிமிடம். பார்த்த, கேட்ட ஒவ்வோர் இனத்தையும் எண்ணிக்கையோடு ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிவது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்கள் இப்படி எழுதிய 3 கோடி பதிவுகளிலிருந்து 942 இனங்களை ஆராய்ந்தது. வேடசந்தூர் சாலையில் மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பனங்காடை, எங்கும் இருக்கிறதே என்று நாம் எண்ணும் அந்த நீலப் பறவை, 12 ஆண்டுகளில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருப்பது அந்தப் பதிவுகளால்தான் தெரிந்தது. அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டு மைனாவையும் காகத்தையும் விட்டவர்களின் பட்டியல் இப்படியொரு கணக்குக்குப் பயன்படுவதில்லை. சட்டிக்கு வந்த மைனா எத்தனை, காகம் எத்தனை, புறா எத்தனை என்றும் எழுதுங்கள். பனங்காடை அன்று கம்பியில் இல்லாவிட்டால், பட்டியலில் அது இல்லாததும் ஒரு பதிவுதான்.